கை போட்ட பியர்

"எனக்குப் பியர் காய்ச்சப் பழக்கிவிடும்."

வாசலில் நின்று குடையை மடக்கியபடியே குலசிங்கம் இதைச் சொன்னார். சொல்லிவிட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

யோகமலர் அவருடைய நெற்றியைப் பார்த்தாள். திருநீறு மழையில் கரைந்து மூக்குவரை வந்திருந்தது.

"நீங்கள் குடிக்கிறதில்லையே, அண்ணை."

"குடிக்கிறதுக்கில்லை. காய்ச்சுறதுக்கு."

அவள் கதவை அகலத் திறந்தாள்.

"உள்ளுக்கு வாங்கோ. நனையிறியள்."

பேர்கன் நகரத்தில் மழை பெய்யாத நாள்கள் குறைவு. குலசிங்கம் கோயிலுக்குப் போகாத நாள்கள் அதைவிடக் குறைவு. பஸ் ஓட்டுவது அவருடைய தொழில். கோயில் சபையின் செயலாளராக இருப்பது அவருடைய பெருமை. நோர்வேக்கு வந்து இத்தனை வருடத்தில் ஒரு சொட்டு மது அவர் நாக்கில் பட்டதில்லை. பட்டவர்களைக் கண்டால் சும்மா விட்டதும் இல்லை.

யோகமலர் அவரைவிட ஏழெட்டு வயது இளையவள். ஒரு பியர் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது தன் வீட்டு நிலவறையில் தனக்கென்று காய்ச்சுகிறாள். ஊர்த் தமிழர்கள் அவளுக்கு 'காய்ச்சுறவ' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்தவர்களில் பாதிப் பேர் வெறும் போத்தலோடு அவள் வீட்டுப் பின்கதவைத் தட்டியவர்கள்தான். குலசிங்கம் முன்கதவுக்கு வந்தார். அந்த அளவுக்கு நேர்மையான மனிதர்.

கதிரையின் நுனியில் இருந்துகொண்டு அவர் விஷயத்தைச் சொன்னார்.

"சாம்பவிக்குக் கலியாணம்."

"சந்தோசம்."

"எனக்குச் சொல்லேல்லை. தாய்க்குத்தான் சொன்னவள்."

 கேட்காமலே ஊருக்குத் தெரிந்த கதை அது.

போன வருடம் சாம்பவி, மலைப் பக்கத்துப் பண்ணைக்காரப் பையன் ஹோக்கோனைக் கட்டப்போவதாக வீட்டில் சொன்னாள். 'அப்படியென்றால் எனக்கு மகள் இல்லை' என்றார் குலசிங்கம். கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் கூட்டங்களில் பேசிப் பழகிய வாய், அதைத் தெளிவாகவும் உரக்கவும் சொல்லிவிட்டது. சாம்பவி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். பின்னேரம் வந்துவிடுவாள் என்று அவர் நினைத்தார். அந்தப் பின்னேரம் இன்னும் வரவில்லை.

"பொடியன்ர ஊரில ஒரு வழக்கம் இருக்காம்," என்றார் குலசிங்கம். "பொம்பிளையின்ர தேப்பன் தன்ர கையால பியர் காய்ச்சிக்கொண்டு போகவேணும். மாப்பிள்ளை வீட்டு வாசலில வைச்சு முதல் கிண்ணத்தை மகளுக்குக் குடுக்கவேணும். அதுக்குப் பிறகுதான் மற்ற எல்லாம்."

"நல்ல வழக்கம்."

"பொடியன்ர தாய் என்ர மனிசிக்கு ரெலிபோன் எடுத்தவ. 'உங்கட ஆக்களுக்கு இது பழக்கமில்லைத்தானே, பரவாயில்லை, அவன்ர பெரியப்பா காய்ச்சிக் குடுப்பார்' எண்டு சொன்னவவாம்."

 அந்தப் 'பரவாயில்லை' அவரைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை.

"என்ர இடத்தில வேற ஒருத்தர் நிப்பார், தங்கச்சி."

யோகமலர் மேசையில் இருந்த துணியை எடுத்து நீட்டினாள்.

"முகத்தைத் துடையுங்கோ. மழைத்தண்ணி."

அவர் துடைத்தார். எல்லாம் மழைத்தண்ணி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"கடையில வாங்கி, வேற போத்தலில ஊத்திக்கொண்டு போனால் தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப?"

"கடை நாலு தெரு தள்ளி இருக்கு, அண்ணை. குடையை மறந்திடாதேங்கோ."

அவர் எழும்பவில்லை.

அவள் மூலையில் கிடந்த ஒரு வெள்ளை வாளியைக் காட்டினாள்.

"இப்பிடி ஒண்டு வீட்டில இருக்கோ?"

"இருக்கு."

"அதைக் கழுவிக்கொண்டு வாங்கோ."

*

மறுநாள் வாளியோடு வந்தார்.

யோகமலர் வாளிக்குள் தலையை விட்டாள். வெளியே எடுத்தாள்.

"ஊறுகாய்," என்றாள்.

"அது முந்தி. போன வருசத்துக்கு முதல் வருசம்."

"தேசிக்காய் ஊறுகாய். உப்புக் கூட."

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த முறை மருந்துக்கடை திரவம் போட்டு, முழங்கை வலிக்க உரஞ்சிக்கொண்டு வந்தார். அவள் மணந்தாள்.

"ஆஸ்பத்திரி."

"இதுக்குள்ள ஒரு கிருமி இல்லை!"

"அந்த மருந்து இருக்கு."

பிறகு ஒரு நாள் கோயிலில் பஞ்சாமிர்தச் சட்டியைச் சுத்தம் செய்வதுபோல் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்தார். இதற்குமேல் சுத்தம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாக அவருக்குத் தெரியாது.

"புளி," என்றாள்.

குலசிங்கத்துக்கு மூக்கு நுனிவரை கோபம் வந்தது.

"நான் பியர் பழக வந்தனான். நீர் என்னை வாளி கழுவ விட்டிருக்கிறீர்!"

"பியரை நாங்கள் எங்கை காய்ச்சுறம், அண்ணை? பியரைச் செய்யிறது ஈஸ்ட். நாங்கள் வாளிதான் கழுவுறம்."

அவர் அந்தச் சொல்லோடு வீட்டுக்குப் போனார். பழைய வாளியைக் குப்பையில் போட்டார். புதிது ஒன்று வாங்கி, வெறும் சுடுதண்ணீரில் கழுவி, அவள் கொடுத்த மணமில்லாத தூளைக் கரைத்து அலசி, கவிழ்த்து, நீர் வடியவிட்டுக் கொண்டுவந்தார்.

அவள் மணந்தாள். நேரம் எடுத்து மணந்தாள்.

"என்ன மணக்குது?" என்று அவரே கேட்டார்.

"ஒண்டும் இல்லை."

அவர் முகம் மலர்ந்தது. ஒன்றும் இல்லை என்பதற்காக அவர் மகிழ்ந்தது அதுதான் முதல் தடவை.

"இனி என்ன செய்யவேணும், சொல்லுங்கோ," என்றார்.

'நீர்' போய் 'நீங்கள்' வந்ததை அவர் கவனிக்கவில்லை. யோகமலர் கவனித்தாள்.

*

செய்முறையை அவள் வாயால் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். பிழைத்த இடத்தில் அவள் தலையாட்டினாள், அவர் மீண்டும் சொன்னார்.

முளைகட்டி வறுத்த பார்லி. அதைக் குறுணலாக உடைக்கவேண்டும், மாவாக்கக் கூடாது. சுடுதண்ணீரில் ஊறப் போடவேண்டும், கொதிதண்ணீரில் கூடாது. ஊறின பிறகு அந்த இனிப்புத் தண்ணீரை வடித்தெடுத்துக் கொதிக்க வைக்கவேண்டும். கொதிக்கும்போது ஹொப்ஸ் போடவேண்டும்; அது ஒரு கசப்புப் பூ. பிறகு கெதியாக, நேரம் போகவிடாமல் ஆறவைக்கவேண்டும். ஆறினதை வாளியில் ஊற்றி, ஈஸ்டைத் தூவி, கழுவின கரண்டியால் ஒருதரம் கலக்கி, மூடவேண்டும்.

"மூடினாப் பிறகு?"

"பிறகு உங்களுக்கு வேலை இல்லை."

வேலை இல்லை என்பது குலசிங்கத்துக்குப் பிடித்த சொல் அல்ல. ஆனாலும் தலையாட்டினார்.

ஒரு சனிக்கிழமை அவருடைய சமையலறையில் அடுப்பு மூண்டது. வீடு முழுக்க இனிப்பாக மணந்தது. பூவைப் போட்டதும் வேப்பம்பூ வறுத்ததுபோல் ஒரு வாசம் எழும்பியது. மனைவி தவமணி நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாழ்நாளில் ஒரு தேத்தண்ணீர்கூடப் போடாத மனிதர், ஏப்ரன் கட்டிக்கொண்டு பானையைக் கிண்டுவதை அவள் சத்தமில்லாமல் ரசித்தாள்.

ஆறவைத்தார். வாளியில் ஊற்றினார். ஈஸ்டைத் தூவினார். கரண்டியை எடுத்தார்.

"இஞ்சாருங்கோ," என்றாள் தவமணி. "கரண்டியோ?"

"அப்பிடித்தான் சொன்னவ."

"கை போடாட்டில் இந்தக் குளிருக்கு என்ன பொங்கப்போகுது?"

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

குலசிங்கம் கரண்டியோடு நின்றார்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரியில் தோசை மா பொங்கவே இல்லை. தவமணி எதையெல்லாமோ செய்து பார்த்தாள். கம்பளி சுற்றினாள். ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தாள். கடைசியில் கரண்டியை எறிந்துவிட்டுக் கையைப் போட்டுக் கரைத்தாள். விடிய மா சட்டி நிறையப் பொங்கியிருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் மாவுக்குக் கரண்டி கிடையாது. சாம்பவி வளர்ந்தபோது ஒரு முக்காலியில் ஏறி நின்று, தாயின் கைக்கு மேல் தன் சின்னக் கையை வைத்து அவளும் கரைப்பாள். மூக்கில் மா, கன்னத்தில் மா.

மகளுக்குக் கொடுக்கப்போகிற ஒன்றைக் கரண்டியால் கலக்க அவருக்கு மனம் வரவில்லை.

சட்டைக் கையை மடித்தார். முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவினார். கையைப் போட்டார்.

*

அது நன்றாகத்தான் பொங்கியது. அதனாலேயே அவர் பெருமையோடு இருந்தார்.

நுரை அடங்கி, நாள் கழிந்து, ஒரு போத்தலில் ஊற்றிக்கொண்டு யோகமலரிடம் வந்தார். அவர் குடிப்பதில்லை. ருசி பார்க்கும் நாக்கு அவளுடையது என்று முதலிலேயே பேசி வைத்திருந்தார்கள்.

அவள் கிளாசில் ஊற்றினாள். மணந்தாள். ஒரு வாய் குடித்தாள். பிறகு அவருடைய வலக்கையைப் பார்த்தாள்.

"கை போட்டனீங்கள்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வடிவாக் கழுவிப்போட்டுத்தான்..."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"புளிச்சுப் போச்சு, அண்ணை. தோசை மா மாதிரி."

அவர் கதிரையில் இருந்தார். மூன்று முறை வாளி கழுவியதைவிட இது வலித்தது.

"அவளின்ர தாய் அப்பிடித்தான் செய்வாள்," என்றார். "எங்கட வீட்டில எல்லாம் கையாலதான்."

"மாவுக்கு உங்கட கை வேணும். பியருக்கு ஈஸ்ட் மட்டும்தான் போகலாம். எவ்வளவு கழுவினாலும் உங்கட கையில கிருமியளின்ர ஒரு ஊரே இருக்கு."

"அப்ப இதை ஊத்திவிடவோ?"

யோகமலர் இன்னொரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். அவளுக்கும் ஒரு தாய் இருந்தாள், ஒரு தோசைக்கல் இருந்தது. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை.

"வீட்டில இருக்கிற மிச்சத்தையும் கொண்டுவந்து இஞ்ச வைச்சிட்டுப் போங்கோ," என்றாள். "ஊத்தவேண்டாம். அடுத்ததைத் தொடங்குங்கோ. கலியாணத்துக்குக் காலம் கிடக்கு."

*

இரண்டாம் முறை அவர் கரண்டியால் கலக்கினார். மூடினார். மூடியில் ஒரு சின்ன வளைகுழாய், அதற்குள் கொஞ்சம் தண்ணீர். உள்ளே காற்று உண்டானால் அந்தத் தண்ணீருக்குள்ளால் 'புளுக்' என்று குமிழ் வரும்.

வாளியைச் சாம்பவியின் அறையில் வைத்தார். வீட்டில் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும் அறை அது ஒன்றுதான். ஒரு வருடமாக யாரும் படுக்காத அறை. ஆனாலும் தவமணி அதன் ஹீற்றரை ஒருநாளும் நிறுத்தவில்லை. ஏன் என்று குலசிங்கம் ஒருநாளும் கேட்டதில்லை.

சில நாள் கழித்து யோகமலர் வந்தாள். பட்டப்பகலில், முன்கதவால் வந்தாள். எதிர்வீட்டுத் திரைச்சீலை அசைந்தது. குலசிங்கம் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் நின்றார்.

தவமணி அவளை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பின்னாலேயே குலசிங்கமும் போனார்.

யோகமலர் வாளிக்குப் பக்கத்தில் குந்தினாள். மூடியின் விளிம்பில் விரலை ஓட்டினாள். ஈரமாக இருந்தது.

"திறந்தனீங்களோ?"

"ஒருக்கால்."

நிலைப்படியில் நின்ற தவமணி தொண்டையைச் செருமினாள்.

"ஒவ்வொரு நாளும்," என்றார் குலசிங்கம்.

"ஏன்?"

"வேலை செய்யுதோ எண்டு பாக்க."

"செய்துதோ?"

"செய்தது. நல்லா நுரைச்சது."

"பிறகு ஏன் அடுத்த நாளும் திறந்தனீங்கள்?"

அவர் மூடியில் இருந்த வளைகுழாயைப் பார்த்தார்.

"நான் பாக்காட்டில் எப்பிடி?" என்றார் கடைசியில்.

"நீங்கள் பாத்தாத்தான் அது வேலை செய்யுமெண்டு ஆர் சொன்னது?"

வாளி அந்த நேரம் பார்த்து ஒரு குமிழ் விட்டது. புளுக்.

யோகமலர் எழும்பினாள். போகத் திரும்பியவள் கதவடியில் நின்றாள். கதவின் உள்பக்கத்தில், கைப்பிடிக்கு மேலே, நாலு துளைகள் இருந்தன. அவற்றைச் சுற்றி மரம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

அவள் ஒரு துளையில் சுண்டுவிரலை வைத்தாள்.

"இதில ஒரு தாழ்ப்பாள் இருந்ததோ?"

"இருந்தது," என்றார் குலசிங்கம். "நான்தான் கழட்டினனான். பிள்ளைக்குப் பதினாறு வயசிருக்கும். கதவைப் பூட்டிக்கொண்டு ரெலிபோனில கதைச்சவள்."

"ஆரோட?"

"தெரியாது. அதுதான் கழட்டினனான்."

"கழட்டினாப் பிறகு தெரிஞ்சுதோ?"

குலசிங்கம் அந்தத் துளைகளைப் பார்த்தார்.

"இல்லை," என்றார். "பிறகு அவள் வீட்டில கதைக்கிறதையே விட்டிட்டாள்."

யோகமலர் விரலை எடுத்தாள்.

"வாறன், அண்ணை. இதுவரைக்கும் வாளி பழுதாகேல்லை."

அவள் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். தவமணி தேத்தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அது ஆறியது. கோயிலிலிருந்து யாரோ ரெலிபோன் எடுத்தார்கள். அவர் எடுக்கவில்லை.

பின்னேரம் இரும்புக்கடைக்குப் போனார்.

கடைக்காரப் பொம்பிளை பல தாழ்ப்பாள்களை எடுத்து வைத்தாள். வெளிப்பக்கத்துக்கா உள்பக்கத்துக்கா என்று கேட்டாள். அவர் சொன்னார். பித்தளையில் ஒன்றை எடுத்தார்.

பழைய துளைகளுக்கு அது சரியாகப் பொருந்தியது. நாலு திருகாணியையும் தன் கையாலேயே பூட்டினார். இழுத்துப் பார்த்தார். சத்தமில்லாமல் போய் விழுந்தது.

யாரும் இல்லாத அறையில் உள்தாழ்ப்பாள் பொருத்துகிற மனிதரைத் தவமணி பார்த்தாள். 'ஏன்' என்று கேட்க வாயெடுத்தாள். அவருடைய தோள் குலுங்குவதைக் கண்டுவிட்டுக் கேட்காமல் திரும்பிப் போனாள். சமையலறையில் நின்று அவளும் அழுதாள்.

குலசிங்கம் வெளியே வந்து அறைக் கதவைச் சாத்தினார்.

அதன் பிறகு அவர் அந்த அறைக்குள் போகவில்லை. சில வேளைகளில் கதவுக்கு வெளியே வந்து நிற்பார். உள்ளே 'புளுக்' என்று கேட்கும். தலையாட்டிக்கொண்டு திரும்பிப் போவார். குமிழ் வருவது குறைந்து, ஒருநாள் அடியோடு நின்றது. அன்றைக்கும் அவர் திறக்கவில்லை. யோகமலரைக் கேட்ட பிறகுதான் திறந்தார்.

*

இலையுதிர் காலம் வந்தது. கலியாணத்துக்கு முதல் நாள், போத்தலில் அடைத்து ஓய்ந்திருந்த பியரை அவர் யோகமலரிடம் கொண்டுவந்தார்.

அவள் திறந்தாள். மெல்ல ஒரு சத்தம் வந்தது. ஊற்றினாள். நல்ல நெய் நிறத்தில், மேலே வெள்ளை நுரையோடு, அந்தப்பக்கம் இருந்த ஜன்னல் தெரிகிற தெளிவோடு இருந்தது.

குடித்தாள்.

குலசிங்கம் அவள் வாயையே பார்த்தார்.

"நல்லாயிருக்கு, அண்ணை."

"உண்மையாவோ?"

"ஆலையில என்னோட வேலை செய்த ஆக்கள் குடிச்சாலும் குற்றம் சொல்லமாட்டினம்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கோயிலில் கும்பிடுகிற அதே கும்பிடு. யோகமலர் கூச்சத்தோடு அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள்.

பிறகு அவள் நிலவறைக்குள் போய் வேறொரு போத்தலோடு வந்தாள். கழுத்தில் ஒரு நீல நூல் கட்டியிருந்தது.

"இது உங்கட முதல் பியர்."

"அந்தப் புளிச்சதோ? அதை ஏன் இன்னும் வைச்சிருக்கிறியள்?"

"இடைக்கிடை ருசி பாத்தனான்."

"இப்ப சரியாகியிட்டுதோ?"

"இல்லை. பழுது பழுதுதான்."

அவள் அதையும் அவருடைய பைக்குள் வைத்தாள். நல்லதுக்குப் பக்கத்தில், ஒன்றோடொன்று முட்டாமல் நடுவில் துணி வைத்து, அடுக்கினாள்.

"இதை ஏன் வைக்கிறியள்? எதை நான் பிள்ளைக்குக் குடுக்கிறது?"

யோகமலர் பையின் வாயைக் கட்டினாள்.

"அவளைக் கேளுங்கோ," என்றாள்.

குலசிங்கம் கட்டிய பையைப் பார்த்தார்.  மகள் பிறந்த நாளிலிருந்து அவர் அவளுக்கு எவ்வளவோ செய்திருக்கிறார். பள்ளிக்கூடம் தேர்ந்தெடுத்திருக்கிறார், நடன வகுப்பில் சேர்த்திருக்கிறார், சட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவளைக் கேட்டுச் செய்தது எது என்று யோசித்துப் பார்த்தார். நெடுநேரம் யோசித்துப் பார்த்தார்.

பையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினார். குடையை மறந்துவிட்டுப் போனார்.

*

பண்ணைவீடு மலைச்சரிவில் இருந்தது. வழியெல்லாம் சேறு. குலசிங்கம் பட்டு வேட்டியும் சால்வையும் உடுத்து, கீழே மழைச் சப்பாத்து போட்டிருந்தார். தவமணி பின்னால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் ஆள்கள் கூடியிருந்தார்கள். உயரமான ஒரு கிழவர், நல்ல சிவந்த முகம், கையில் பியர் நிறைந்த ஒரு கூசாவோடு தயாராக நின்றார். அவர்தான் ஹோக்கோனின் பெரியப்பா. குலசிங்கத்தையும் அவருடைய பையையும் கண்டார். ஒரு சொல்லும் பேசாமல் கூசாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

அந்த இடம் வெறுமையானது. குலசிங்கம் அதில் போய் நின்றார்.

படியில் சாம்பவி நின்றாள். குங்குமச் சிவப்புச் சேலை. கொஞ்சம் மெலிந்திருந்தாள். பக்கத்தில் ஹோக்கோன். அவன் அவளுடைய கையை விட்டுவிட்டு அரையடி பின்னால் போனான்.

சாம்பவி தகப்பனைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"அம்மா ஒண்டு சொன்னவ," என்றாள்.

"என்ன பிள்ளை?"

"என்ர அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் பூட்டியிருக்கிறியளாம்."

"ஓம்."

"உள்ளுக்கோ, வெளியாலயோ?"

"உள்ளுக்கு."

 நோர்வேக்காரர்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் ஒருவரும் அசையவில்லை.

குலசிங்கம் பையைப் படியில் வைத்தார். இரண்டு போத்தலையும் எடுத்தார். மாப்பிள்ளையின் தாய் இரண்டு மரக்கிண்ணங்களை நீட்டினாள். ஒன்றில் தெளிந்ததை ஊற்றினார். ஒன்றில் கலங்கினதை ஊற்றினார். கொஞ்சம் வேட்டியில் சிந்தியது.

பேசிப் பழகிய வாய்தான். ஆனாலும் இந்த முறை மெல்லத்தான் கேட்டது. 

"உனக்கு எது வேணும், பிள்ளை?"

சாம்பவி அவரையே பார்த்தாள். அந்தக் கேள்வியை அந்தக் குரலில் அவள் இதுவரை கேட்டதில்லை.

குனிந்து முதல் கிண்ணத்தை மணந்தாள்.

"இது நல்ல பியர்," என்றாள் ஆச்சரியத்தோடு. "நீங்களோ காய்ச்சினனீங்கள்?"

"ஓம்."

இரண்டாவதை மணந்தாள். நிமிரவில்லை. கிண்ணத்துக்கு மேல் குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.

"அம்மா மா கரைச்சு வைச்ச மணம்," என்றாள்.

"அம்மா இல்லை. நான்தான் கை போட்டனான்."

"நீங்களோ?"

"கரண்டியாலதான் கலக்கவேணும் எண்டு பழக்கினவ சொன்னவ. எனக்கு மனம் கேக்கேல்லை."

அவள் இரண்டாம் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். மடக்கு மடக்காகக் குடித்தாள். கடைசித் துளிவரை குடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"புளிக்குது, அப்பா."

"ஓம், பிள்ளை," என்றார் குலசிங்கம். "பழுதாக்கிப்போட்டன்."

சாம்பவி வெறும் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு அதை அவரிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ."